நானோ மருந்தை அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக இத்துறைக்கு வருபவர்களும், கருவி அச்சிட்டுத் தந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நீண்ட விடை தேவை. சிலவற்றுக்கு நான்கு வரி போதும்.

சாதாரண மாத்திரைக்கு இல்லாத பாடு நானோ மருந்துக்கு மட்டும் ஏன்?

பாராசிட்டமால் மாத்திரையில் வேலை செய்வது ஒரே வகை மூலக்கூறு. அது என்ன, எவ்வளவு தூய்மை, எவ்வளவு எடை, எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று பார்த்துவிட்டால் பெரும்பகுதி வேலை முடிந்தது. நானோ மருந்தில் அந்த நிம்மதி கிடையாது. 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது டாக்சோரூபிசின் என்ற பழைய புற்றுநோய் மருந்துதான். ஆனால் அது 80 முதல் 100 நானோமீட்டர் வரை விட்டமுள்ள கொழுப்புக் குமிழுக்குள், அதாவது லிப்போசோமுக்குள், அடைபட்டிருக்கிறது. மூலக்கூறு அப்படியே இருக்க, இதயத்துக்கு அது இழைக்கும் தீங்கு குறைந்தது. உள்ளங்கை, உள்ளங்கால் தோலில் வரும் பாதிப்பு கூடியது. குமிழின் அளவும் மேலுறையும் உள்ளடக்கமும் சேர்ந்ததுதான் இங்கே மருந்து.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு இங்கே செல்லாது. ஒரு மில்லிலிட்டரில் லட்சம் கோடித் துகள்கள் இருக்கலாம். அவற்றில் எந்த இரண்டும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருப்பதில்லை. சராசரியை மட்டும் அறிந்தால் போதாது. பரவலையும் அறிய வேண்டும். சிரமமெல்லாம் அந்தப் பரவலில்தான்.

டி.எல்.எஸ். கருவி 92 நானோமீட்டர் என்று காட்டுகிறது. அதுதானே துகளின் அளவு?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

டி.எல்.எஸ். என்பது இயங்குநிலை ஒளிச்சிதறல். நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் தள்ளாடுவதை 1827-இல் ராபர்ட் பிரௌன் கவனித்தார். அந்தத் தள்ளாட்டத்தின் கணக்கை 1905-இல் ஐன்ஸ்டைன் எழுதினார். சிறிய துகள் வேகமாகத் தள்ளாடும், பெரியது மெதுவாக. மாதிரியின்மீது லேசர் ஒளியைச் செலுத்தி, சிதறும் ஒளி எவ்வளவு வேகமாக மினுங்குகிறது என்று பார்த்தால் துகள் பரவும் வேகம் தெரியும். அதிலிருந்து விட்டம் கணக்கிடப்படுகிறது. அதாவது கருவி துகளைப் பார்க்கவே இல்லை. அதே வேகத்தில் பரவக்கூடிய ஒரு கற்பனைக் கோளத்தின் விட்டத்தைத்தான் சொல்கிறது. நீரியக்க விட்டம் என்பது அதன் பெயர். துகளின் மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் இழைகளும் அவற்றோடு இழுபட்டு வரும் நீரும் இருந்தால் அவையும் இதில் சேரும்.

அடுத்த சிக்கல் பெரியது. இந்த அளவில் ஒரு துகள் சிதறடிக்கும் ஒளி ஏறக்குறைய அதன் விட்டத்தின் ஆறாம் அடுக்காகக் கூடும். 100 நானோமீட்டர்த் துகள் ஒன்று, 50 நானோமீட்டர்த் துகளைப் போல் 64 மடங்கு ஒளி சிதறும். 10 நானோமீட்டர்த் துகளைப் போல் பத்து லட்சம் மடங்கு. எனவே கருவி தரும் சராசரி எண்ணிக்கைச் சராசரி அன்று, ஒளிச்செறிவுச் சராசரி. கூட்டத்தில் உரக்கக் கத்துகிற நான்கு பேரின் குரலைக் கேட்டுவிட்டு ஊரின் கருத்து இதுதான் என்று எழுதுவதைப் போன்றது அது. சில பெரிய திரட்சிகளோ ஒரு தூசியோ உள்ளே வந்துவிட்டால் எண் பெரிய பக்கம் சாய்ந்துவிடும்.

வெப்பநிலையையும் மறக்கக் கூடாது. நீரின் பாகுநிலை ஒரு டிகிரிக்கு சுமார் 2 சதவீதம் மாறுகிறது. ஒருமுறை குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மாதிரியை ஆறவிடாமல், அதாவது சூடேறவிடாமல், நேராகக் கருவியில் வைத்துவிட்டேன். ஒவ்வோர் ஓட்டத்திலும் துகள் சிறுத்துக்கொண்டே வந்தது. அது ஏன் சுருங்குகிறது என்று அரைப் பக்கக் கோட்பாடு எழுதிய பிறகுதான் உறைத்தது: சுருங்கியது துகள் அன்று, நீரின் பாகுநிலை.

பி.டி.ஐ. 0.1-க்குக் கீழே இருந்தால் எல்லாத் துகளும் ஒரே அளவு என்று கொள்ளலாமா?

பி.டி.ஐ., அதாவது அளவுப் பரவல் குறியீடு, கேட்பதற்குச் சிறிய எண்ணாக இருப்பதால் பலரை ஏமாற்றுகிறது. அது ஏறத்தாழ திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்து வருவதன் வர்க்கம். 0.1-இன் வர்க்கமூலம் 0.32. எனவே 100 நானோமீட்டர் சராசரியும் 0.1 பி.டி.ஐ.யும் உள்ள மாதிரியில் திட்டவிலக்கம் 32 நானோமீட்டர். அதை ஒரே அளவு என்று சொல்ல எனக்கு மனம் வராது. தவிர, இரு வகைத் துகள்கள் கலந்திருந்தால், அவற்றின் விட்டங்கள் ஏறக்குறைய மூன்று மடங்கு வேறுபட்டால்தான் டி.எல்.எஸ். அவற்றை இரண்டு சிகரங்களாகப் பிரித்துக் காட்டும். 70-உம் 120-உம் கலந்த மாதிரி ஒரே அகன்ற சிகரமாகத்தான் தெரியும்.

ஒவ்வொரு துகளாக எண்ணிவிட முடியாதா?

முடியும், இரண்டு வழிகள் பரவலாக இருக்கின்றன. முதலாவது என்.டி.ஏ. எனப்படும் துகள்தடப் பகுப்பாய்வு. லேசர் ஒளியில் மின்னும் புள்ளிகளைக் காணொளியாகப் பதிவுசெய்து, ஒவ்வொரு புள்ளியும் தள்ளாடும் தடத்தைப் பின்தொடர்ந்து அதன் விட்டத்தைக் கணக்கிடுகிறார்கள். எண்ணிக்கைச் செறிவும் கிடைக்கும். ஆனால் மில்லிலிட்டருக்கு ஒரு கோடி முதல் நூறு கோடித் துகள்கள்வரை இருந்தால்தான் கருவி சரியாக எண்ணும். மருந்தை அந்த அளவுக்கு ஆயிரக்கணக்கான மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும். அப்படிச் செய்தபின் அது பழைய மருந்தாகவே இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. தங்கத் துகள் நன்றாக ஒளிரும். கொழுப்புத் துகள் மங்கல். அதனால் சுமார் 60 நானோமீட்டருக்குக் கீழுள்ள லிப்போசோம்கள் கருவியின் கண்ணிலிருந்து நழுவிவிடும். இல்லாததால் எண்ணிக்கை குறைந்ததா, தெரியாததால் குறைந்ததா என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது, மின்தடைத் துடிப்பு முறை. வாலஸ் கூல்ட்டர் 1953-இல் காப்புரிமை பெற்ற இரத்த அணு எண்ணும் தத்துவம்தான். இப்போது நானோ அளவுக்கு இறங்கியிருக்கிறது. உப்புக் கரைசலில் ஒரு நுண்துளை, அதன் வழியே மின்னோட்டம். துகள் ஒன்று துளையைக் கடக்கும்போது மின்னோட்டம் ஒரு கணம் தடைபடும். அந்தத் தடையின் உயரம் துகளின் கனஅளவைச் சொல்லும். ஒளியை நம்பாத முறை என்பதால் ஆறாம் அடுக்குத் தொல்லை இல்லை. தொல்லை வேறு வடிவில் வரும்: துளை அடைத்துக்கொள்ளும். பொறுமைசாலிகளுக்கு ஏற்ற கருவி.

பிரித்துவிட்டு அளந்தால் குழப்பம் தீராதா?

பெருமளவு தீரும். கலவையாக அளப்பதில் நம்பிக்கை இழந்தவர்கள் வந்து சேரும் இடம் இதுதான். களப்பாய்வுப் பிரிப்பு முறையை கால்வின் கிடிங்ஸ் 1966-இல் முன்வைத்தார். இன்று மருந்துத் துறையில் பயன்படும் அதன் வடிவத்தை ஏ.எஃப். 4 என்று அழைக்கிறார்கள். மெல்லிய தட்டையான வாய்க்கால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் ஓர் ஓட்டம். குறுக்கே, அடியிலுள்ள சவ்வை நோக்கித் தள்ளும் மற்றோர் ஓட்டம். குறுக்கோட்டம் எல்லாத் துகளையும் சவ்வை நோக்கி அழுத்துகிறது. சிறியவை பரவும் வேகத்தால் மேலே ஏறி, ஓட்டம் வேகமாக உள்ள நடுப்பகுதியை அடைந்து முதலில் வெளியேறும். பெரியவை அடியில் தேங்கித் தேங்கிப் பிந்தி வரும். கலவையைப் பிரிக்க வழக்கமாகப் பயன்படும் நிறப்பிரிகைத் தூணில் இருப்பதுபோல் இடித்துச் செல்ல மணிகள் எதுவும் இங்கே இல்லை. மென்மையான துகள்கள் சிதையாமல் வந்து சேர்கின்றன.

வெளியே வரும் ஒவ்வொரு பகுதியையும் வரிசையாக வைத்த பல கருவிகள் அளக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பலகோண ஒளிச்சிதறல் கருவி, துகளின் நிறை எப்படிப் பரவியிருக்கிறது என்பதைச் சுழல் ஆரமாகத் தருகிறது. டி.எல்.எஸ். நீரியக்க ஆரத்தைத் தருகிறது. முதலதை இரண்டாவதால் வகுத்தால் திடமான கோளத்துக்கு 0.775 வரும், உள்ளீடற்ற மெல்லிய கூட்டுக்கு 1-ஐ நெருங்கும். ஒரே மாதிரியில் தோன்றும் இரண்டு சிகரங்களில் ஒன்று நிறைந்த துகள், மற்றொன்று வெறுங்கூடு என்று இந்த ஒற்றை விகிதம் காட்டிக்கொடுத்துவிடும்.

பகுப்பாய்வு மீமையவிலக்கியையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். தியோடர் ஸ்வெட்பெரி உருவாக்கிய கருவி. அவருக்கு 1926-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. துகள் எவ்வளவு வேகமாகப் படிகிறது, அல்லது கொழுப்பாக இருந்தால் எவ்வளவு வேகமாக மேலே மிதக்கிறது என்பதைப் பார்த்து அடர்த்தி வேறுபாட்டைக் கண்டறியலாம். நூற்றாண்டுப் பழைய கருவி என்று யாராவது ஒதுக்கினால் நம்பாதீர்கள்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுத்துவிட்டால் சந்தேகமே இராதே?

கண்ணால் காண்பதும் பொய் என்பார்களே, அது வழக்கமான எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் பொருந்தும். வெற்றிடத்தில் வைக்க மாதிரியை உலர்த்த வேண்டும். உலரும்போது லிப்போசோம் தட்டையாகும், சுருங்கும், பக்கத்துத் துகளோடு ஒட்டும். படத்தில் திரண்டு கிடப்பவை சீசாவிலும் திரண்டிருந்தன என்று எழுதிவிடக் கூடாது.

உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி இதை மாற்றியது. மாதிரியின் மெல்லிய படலத்தை, மைனஸ் 180 டிகிரி செல்சியசுக்கு அருகிலுள்ள திரவ ஈத்தேனில் சட்டென்று அமிழ்த்தினால் நீர் பனிப்படிகமாக மாற நேரமின்றிக் கண்ணாடிபோல் இறுகிவிடும். துகள் நீரில் இருந்த கோலத்திலேயே நின்றுவிடும். இதற்கு வழிகண்ட ஜாக் டுபோஷேவுக்கும், ஜோக்கிம் ஃபிராங்க், ரிச்சர்ட் ஹெண்டர்சன் இருவருக்கும் 2017-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. டாக்சிலை இப்படிப் பார்த்தால் குமிழுக்குள் டாக்சோரூபிசின் சல்ஃபேட் படிகமாக நீண்டு கிடப்பதும், அது குமிழையே காப்பிக்கொட்டை வடிவத்துக்கு இழுத்திருப்பதும் தெரியும். எம்.ஆர்.என்.ஏ. ஏற்றிய கொழுப்பு நானோதுகள் சிலவற்றில் ஒரு பக்கம் நீர்க்குமிழ்போல் புடைத்திருப்பதையும் இம்முறைதான் காட்டியது.

ஆனாலும் எச்சரிக்கை தேவை. பனிப்படலம் மெல்லியது, பெரிய துகள்கள் அதில் அடங்காமல் ஓரத்துக்குத் தள்ளப்படும். நீங்கள் எண்ணுவதோ சில நூறு துகள்கள். வடிவத்துக்கும் உட்கட்டமைப்புக்கும் இதை நம்பலாம். அளவுப் பரவலுக்கு இதை மட்டும் நம்புவது, அழகாக விழுந்த படத்தைப் பொறுக்கி எடுக்கும் நம் கையையும் சேர்த்து நம்புவதாகும்.

உட்கட்டமைப்பைக் கரைசலிலேயே, படம் எடுக்காமல் அறிய வழி உண்டா?

சிறுகோண எக்ஸ்கதிர்ச் சிதறல் உண்டு. அது ஒரே வீச்சில் கோடிக்கணக்கான துகள்களின் சராசரி ஒழுங்கைச் சொல்லும். எம்.ஆர்.என்.ஏ. கொழுப்புத் துகள்களின் உள்ளே சுமார் 6 நானோமீட்டர் இடைவெளியில் ஓர் ஒழுங்கு திரும்பத் திரும்ப வருவதை அதன் சிகரம் காட்டுகிறது. நியூட்ரானைக் கொண்டு செய்தால் இன்னும் ஒரு வித்தை கூடும். சாதாரண நீரையும் கனநீரையும் தக்க விகிதத்தில் கலந்தால், துகளின் ஒரு பகுதி நியூட்ரான் கண்ணுக்குப் பின்னணியோடு கரைந்து மறையும். மற்ற பகுதி மட்டும் தெரியும். எந்தக் கொழுப்பு மேலுறையில் இருக்கிறது, எது மையத்தில் இருக்கிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை தரும் முறை அரிது. அணுஉலையோ பெரிய முடுக்கியோ வேண்டும் என்பதால் அன்றாட வேலைக்கு ஆகாது.

சிட்டா மின்னழுத்தம் 30 மில்லிவோல்ட்டைத் தாண்டினால்தான் மருந்து நிலைக்குமா?

சிட்டா மின்னழுத்தம் துகளின் மேற்பரப்பு மின்னேற்றத்தைக் காட்டும் எண். மின்விலக்கத்தால் மட்டும் தனித்து நிற்கும் துகள்களுக்கான பழைய கட்டைவிரல் விதி அது. பாலிஎத்திலீன் கிளைக்கால் போர்த்திய துகள்கள் பூஜ்யத்துக்கு அருகிலும் நன்றாக நிற்கும், ஏனென்றால் அவற்றைப் பிரித்து வைப்பது இழைகளின் நெருக்கடி. காரகாடித்தன்மையும் (pH) உப்புச் செறிவும் குறிப்பிடாத சிட்டா எண்ணுக்குப் பொருளே இல்லை. அறிக்கையில் அவை இல்லையென்றால் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவது என் வழக்கம்.

எம்.ஆர்.என்.ஏ. துகள்களில் மின்னேற்றத்தைவிட முக்கியமானது, அது எப்போது மாறுகிறது என்பது. அயனியாகும் கொழுப்பின் பி.கே.ஏ. மதிப்பு, அதாவது அதில் பாதி மின்னேற்றம் பெறும் காரகாடித்தன்மை, 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும்படி வடிவமைக்கிறார்கள். 2018-இல் அனுமதி பெற்ற பட்டிசிரான் என்ற ஆர்.என்.ஏ. மருந்தில் உள்ள கொழுப்புக்கு அது 6.44. இரத்தத்தில் ஏறத்தாழ நடுநிலை; உயிரணுவின் உட்பைக்குள் அமிலம் கூடும்போது நேர்மின்னேற்றம் பெற்றுப் பையை உடைக்க உதவும்.

மருந்து உண்மையில் உள்ளே இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

எம்.ஆர்.என்.ஏ.வுக்கு ரிபோகிரீன் என்ற ஒளிரும் சாயம் பரவலாகப் பயன்படுகிறது. அப்படியே சேர்த்தால் வெளியே உள்ள ஆர்.என்.ஏ.வை மட்டும் தொடும். சவர்க்காரம்போல் கொழுப்பைக் கரைக்கும் டிரைட்டான் சேர்த்துத் துகளை உடைத்தபின் முழுவதையும் தொடும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை முழு அளவால் வகுத்தால் வருவதுதான் உள்ளடக்க விகிதம். கொழுப்புகளின் அளவைத் தனியாக நிறப்பிரிகையில் பார்க்க வேண்டும். அவை புறஊதா ஒளியை அதிகம் உறிஞ்சாததால் மின்னேற்றத் தூசிப்படல உணர்வியைப் பொருத்துவார்கள்.

95 சதவீதம் உள்ளே இருக்கிறது என்ற எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். ஆர்.என்.ஏ.வில் 95 சதவீதம் துகளுக்குள் இருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். துகள்களில் 95 சதவீதம் நிரம்பியிருக்கின்றன என்பதன்று. ஒற்றைத் துகள் ஒளிர்வு முறைகளால் எண்ணிப் பார்த்தபோது, ஒரு துகளுக்கு இரண்டு மூன்று எம்.ஆர்.என்.ஏ. இருப்பதும், வெறுமையாகவே கணிசமான துகள்கள் இருப்பதும் தெரியவந்தன.

உள்ளே இருப்பது நலமாக இருக்கிறதா என்பது அடுத்த கவலை. 2021-இல் வெளியான மாடர்னா ஆய்வாளர்களின் ஆய்வு இதற்கு நல்ல பாடம். அயனியாகும் கொழுப்பில் உருவாகும் மாசு ஆர்.என்.ஏ.வோடு வேதிப்பிணைப்பு ஏற்படுத்தி, அது புரதம் உருவாக்க முடியாதபடி செய்துவிடுகிறது. வழக்கமான தூய்மைச் சோதனைகளில் இது கண்ணில் படவில்லை. அயனிஇணை மறுதலைநிலை நிறப்பிரிகையில்தான் பிடிபட்டது. அளவும் உள்ளடக்கமும் கச்சிதமாக இருக்க, மருந்து மட்டும் வேலை செய்யாமல் போக இப்படியும் வழி இருக்கிறது.

மருந்து வெளியேறும் வேகத்தை அளப்பதில் அப்படி என்ன கஷ்டம்?

சவ்வுப் பையில் மாதிரியைப் போட்டு வெளிநீரில் எவ்வளவு மருந்து வருகிறது என்று பார்ப்பது வழக்கம். துகளிலிருந்து மருந்து வேகமாக வெளியேறி, சவ்வைக் கடக்கத் தாமதித்தால், நீங்கள் அளப்பது பையின் வேகத்தை. துகளில் அடைக்காத வெறும் மருந்தையும் அதே பையில் வைத்து ஓட்டிப் பாருங்கள். இரண்டு வளைகோடுகளும் ஒன்றாக இருந்தால் அந்தச் சோதனை உங்களுக்கு எதையும் சொல்லவில்லை.

இரத்தத்துக்குள் போனபிறகு துகள் அதே துகளா?

சில நொடிகளிலேயே புரதங்கள் அதன்மேல் படிந்துவிடுகின்றன. இந்தப் போர்வையைப் புரத வளையம் என்கிறார்கள். 2007-ஐ ஒட்டி கென்னத் டாசனும் சக ஆய்வாளர்களும் இந்தக் கருத்தை நிலைநாட்டினார்கள். இது எப்போதும் தொல்லை அன்று. பட்டிசிரான் துகள்மேல் அப்போலிப்போபுரதம் ஈ படிவதால்தான் கல்லீரல் உயிரணுக்கள் அதை இழுத்துக்கொள்கின்றன. போர்வையில் எந்தப் புரதங்கள் உள்ளன என்பதைத் துகள்களைப் பிரித்தெடுத்து, மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் நிறைநிரலியில் கண்டறிகிறார்கள். ஆனால் பிரித்துக் கழுவும்போது தளர்வாக ஒட்டியவை போய்விடும். இறுக ஒட்டியவற்றின் பட்டியல்தான் மிஞ்சும். கழுவாமலே பார்க்க, ஒளிர்வு ஒட்டுறவு நிரலியல் உதவும்: ஒளிரும் அடையாளம் இட்ட துகள் மட்டும் தெரிவதால் நீர்க்காத இரத்தப் பிளாஸ்மாவிலேயே அதன் பருமனைப் பின்தொடரலாம்.

உலோகத் துகள்களுக்குத் தனி முறை உண்டா?

ஒற்றைத்துகள் பிளாஸ்மா நிறைநிரலி. தங்கமோ இரும்பு ஆக்சைடோ, ஒவ்வொரு துகளும் பிளாஸ்மா எனப்படும் மிகச்சூடான வாயுவில் எரிந்து ஒரு சிறு துடிப்பைத் தரும். துடிப்பின் பருமன் துகளின் நிறை. கரைந்த அயனிகளைத் தனியாகவும் காட்டும். கொழுப்புத் துகளுக்கு உதவாது.

அகநச்சுச் சோதனையைச் சொல்லி ஏன் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்?

பயப்பட வேண்டியதுதான். பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து வரும் அகநச்சு கண்ணாடிக் குடுவையில்கூட ஒட்டியிருக்கும். லாட நண்டின் இரத்த அணுக்களிலிருந்து எடுத்த கரைசலைக்கொண்டு அதைச் சோதிக்கிறார்கள். கலங்கலையோ நிறத்தையோ ஒளியால் படிக்கிறார்கள். நானோ மாதிரி தானே கலங்கலாக இருக்கும், நிறமும் காட்டும். ஆகவே தெரிந்த அளவு அகநச்சைச் சேர்த்து, அதில் 50 முதல் 200 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்தால்தான் விடையை ஏற்பார்கள். அமெரிக்காவில் 2004-இல் தொடங்கப்பட்ட நானோதொழில்நுட்பப் பண்பறி ஆய்வகத்துக்கு வந்த மாதிரிகளில் கணிசமானவை இந்த இடத்திலேயே தடுக்கி விழுந்தன. எலியில் கண்ட அழற்சிக்குத் துகளைக் குற்றம் சொல்லுமுன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டு கருவிகள் இரண்டு அளவு சொன்னால் எதை நம்புவது?

இரண்டையும். டி.எல்.எஸ். 95, உறைநிலைப் படம் 78 என்றால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டாதீர்கள். வேறுபாட்டில் ஒரு பங்கு நீர்ப்போர்வையும் மேலுறை இழையும். இன்னொரு பங்கு பெரிய துகள்கள் பக்கம் சாயும் ஒளிக்கணக்கு. படத்தின் எண்ணிக்கைப் பரவலை ஒளிச்செறிவுப் பரவலாக மாற்றிக் கணக்கிட்டுப் பாருங்கள். அப்போதும் இடைவெளி மீதமிருந்தால், படத்தில் விடுபட்ட திரட்சிகள் சீசாவில் இருக்கக்கூடும், அடுத்து ஏ.எஃப். 4-க்குப் போக வேண்டிய நேரம் அது. எல்லாக் கருவிகளும் ஒரே எண்ணைச் சொன்னால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

காப்புரிமை முடிந்த நானோ மருந்தை நகலெடுப்பவர்கள் எதைக் காட்ட வேண்டும்?

மூலக்கூறு ஒன்றே என்று காட்டுவது போதாது. டாக்சிலுக்கு இணையான முதல் பொதுப்பெயர் மருந்தை அமெரிக்கா 2013-இல்தான் அனுமதித்தது. கொழுப்பின் சேர்க்கை, குமிழின் அளவுப் பரவல், படலங்களின் எண்ணிக்கை, உள்ளே மருந்து இருக்கும் நிலை, வெளியேறும் வேகம் ஆகியவை பக்கத்தில் வைத்து ஒப்பிடப்படும். நானோபொருள் கொண்ட மருந்துகளுக்கான அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் இறுதி வழிகாட்டுதல் 2022 ஏப்ரலில் வெளிவந்தது. அளவீட்டு முறைகளுக்கும் பன்னாட்டுத் தரங்கள் உள்ளன: டி.எல்.எஸ்.ஸுக்கு ஐ.எஸ்.ஓ. 22412, துகள்தடப் பகுப்பாய்வுக்கு 19430.

சிறிய ஆய்வகம். ஒரே ஒரு கருவி வாங்கத்தான் முடியும். எதை வாங்குவது?

டி.எல்.எஸ்.ஸையே வாங்குங்கள், இவ்வளவு திட்டிய பிறகும் அதைத்தான் சொல்வேன். மாதிரி கெட்டுவிட்டதா என்பதை இரண்டு நிமிடத்தில் சொல்ல அதற்கு இணை இல்லை. உறைநிலைப் படத்துக்கும் ஏ.எஃப். 4-க்கும் வசதியுள்ள இடத்தோடு கூட்டு வைத்துக்கொள்ளுங்கள். அளவு தெரிந்த பாலிஸ்டைரீன் கோளங்களையோ, அமெரிக்கத் தர நிறுவனத்தின் 10, 30, 60 நானோமீட்டர்த் தங்க மாதிரிகளில் ஒன்றையோ வாரம் ஒருமுறை ஓட்டுங்கள். அளப்பதற்குமுன் 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்திருந்தால் அதை ஏட்டில் எழுதுங்கள். வடித்துவிட்டு, திரட்சி எதுவும் இல்லை என்று முடிவு எழுதிய அறிக்கைகளை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன்.